ஒரு பாய் விரிக்கும் இடம்

நான் போனது ஒரு பயிற்சிக்கு. அம்மா என்னை அனுப்பியது வேறொரு வேலைக்கு.

பயிற்சியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய நாடுகளில் ஒரு குடும்பம் எவ்வளவு வசதியாக வாழ்கிறது என்பதை எப்படிக் கேட்டு, எப்படி ஒப்பிடுகிறார்கள் என்று கற்றுவர எங்கள் அலுவலகம் என்னைத் தெரிவு செய்தது. நான் கிளிநொச்சியில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். வீட்டுத்திட்ட வீடுகளுக்குப் போய்ச் சுவர், கூரை, நிலம், கிணறு, மலசலகூடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவது என் தொழில். கைப்பையில் குடை இல்லாத நாள் உண்டு, அளவுநாடா இல்லாத நாள் இல்லை.

அம்மா தந்த வேலை என் அக்கா வதனியைப் பற்றியது. அக்கா கல்யாணம் முடித்துப் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். முதல் பிள்ளை சித்திரையில் பிறக்க இருந்தது. எங்கள் பக்கத்தில் முதல் பேறு பார்க்கத் தாய் போவதுதான் வழக்கம். போய் நின்று, சரக்குக் கறி வைத்துக் கொடுத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துத் திரும்புவார்கள். அம்மா அதற்காக ஐப்பசியிலேயே காலுக்கு மேசும் கம்பளிச் சட்டையும் வாங்கி வைத்துவிட்டார். அக்காவோ, இங்கே எல்லாம் ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள், நீங்கள் வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் ஊர் துணுக்காயில் வீட்டைக் கடந்து போகிறவர்கள் எல்லாரும் எப்போது பயணம் என்று கேட்டார்கள். விசா சரிவரவில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அவர் விசாவுக்கு விண்ணப்பித்ததே இல்லை.

நான் புறப்படும் நாள் காலையில், பெட்டியின் மேல் ஏறி இருந்து பூட்டை அழுத்தியபடி அம்மா சொன்னார்: “அவள் என்னை ஏன் வேண்டாமெண்டவள் எண்டு பாத்திட்டு வா. கேட்டா சொல்லமாட்டாள். பாத்திட்டு வா.”

அந்தப் பெட்டியில் என் உடுப்புகளுக்கு ஒரு மூலைதான் கிடைத்தது. மீதி இடத்தில் இருந்தவை: அக்காவுக்குச் சரக்குத்தூள், ஒரு பெரிய போத்தல் நிறைய. ஜேர்மனியில் இருக்கும் சின்ன மாமாவுக்கு ஒடியல் மாவும் பனங்கட்டியும். அம்மாவின் பழைய நூல் சேலைகளைக் கிழித்து, அவித்து, வெயிலில் காயவைத்து மடித்த துணிகள். பிறந்த பிள்ளையின் தோலுக்குப் புதுத்துணி ஆகாது என்பது அம்மாவின் கட்சி.

லிஸ்பன் விமான நிலையத்தில் சுங்க உத்தியோகத்தர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். சின்ன வயது. சரக்குத்தூள் போத்தலின் மூடியைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார். நான் வேண்டாம் என்பதற்குள் தும்மத் தொடங்கிவிட்டார். மிளகும் வேர்க்கொம்புச் சுக்கும் சேர்ந்தால் சும்மா விடுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு இது என்ன என்று கேட்டார். பிள்ளை பெற்றவளுக்குக் கறி வைக்கிற தூள் என்றேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார். எனக்கில்லை, என் அக்காவுக்கு என்றேன். மூடியை இறுக்கிப் பூட்டி, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் தந்தார். எங்கள் ஊரில் கோயில் பிரசாதத்தைத்தான் அப்படிக் கொடுப்பார்கள்.

தை மாதம். வெளியே வெயில் பளிச்சென்று அடித்தது. நான் தங்கிய வீட்டுக்குள் நுழைந்ததும் பற்கள் ஆடத் தொடங்கின. வெளியைவிட உள்ளே குளிர். வீட்டுக்காரி லூர்தெஸ், தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கம்பளிக் கோட்டும் கையுறையும் போட்டபடி கதவைத் திறந்தார். எங்கேயோ வெளிக்கிடுகிறார் என்று நினைத்து, நான் பிறகு வரட்டுமா என்று கேட்டேன். இல்லை, இது வீட்டு உடுப்பு என்றார்.

மாடியில் இருந்த அந்த வீடு அவருக்குச் சொந்தம். சுவரில் பாதி உயரத்துக்கு நீலப் பூப்போட்ட ஓடுகள். ஒவ்வொன்றாகக் காட்டி, போர்த்துக்கீச மொழியில் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். அடுப்பிருந்த இடத்தைக் காட்டி அவர் சொன்னது எங்கள் குசினியேதான். பிறகு மேசை வந்தது. கதிரை, அலுமாரி, சன்னல், சாவி எல்லாம் வந்தன. உச்சரிப்பில்தான் கொஞ்சம் வளைவு. நாள்தோறும் படிவங்களில் நான் எழுதும் பொருட்களெல்லாம் தங்கள் சொந்த ஊரில் வரிசையாக நின்று என்னை வரவேற்றது போலிருந்தது. நானும் திருப்பிச் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு என் கன்னத்தைத் தொட்டார்.

சாப்பாடு கருவாடு. அவர்களின் கருவாட்டைச் சுவரில் சாய்த்து வைத்தால் பலகை என்றுதான் நினைப்போம். தண்ணீரில் நெடுநேரம் ஊறவைத்து, உருளைக்கிழங்கோடு அவித்து, மேலே எண்ணெய் விட்டுக் கொடுக்கிறார்கள். மிளகாய் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாத கறி. மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் அக்காவின் தூளில் ஒரு சிட்டிகை எடுத்து என் சாப்பாட்டுக் கோப்பையில் தூவினேன். லூர்தெஸ் எட்டி ருசி பார்த்துவிட்டுத் தன் கோப்பையையும் நீட்டினார்.

வகுப்பில் பல நாட்டுக்காரர் இருந்தோம். ருமேனியாக்காரர் ஒருவர், தங்கள் நாட்டில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் சொந்த வீடு, உள்ளே வைக்கத்தான் ஒன்றுமில்லை என்றார். பக்கத்திலிருந்த ஜேர்மன்காரி, தங்களிடம் உள்ளே எல்லாம் இருக்கிறது, வீடுதான் வாடகை என்றாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். நான் அன்று விளங்கிக்கொண்டது, ஓர் ஐரோப்பா இல்லை என்பது. துணுக்காயிலிருந்து பார்த்தபோது அது ஒரே வெள்ளை வீடாகத் தெரிந்தது.

அவர்களின் கேள்விகள் எங்கள் படிவத்தைப் போல இல்லை. கூரை ஓடா, தகரமா என்று கேட்பதில்லை. வீட்டைப் போதிய சூட்டில் வைத்திருக்க முடிகிறதா? ஒருநாள் விட்டு ஒருநாள் இறைச்சியோ மீனோ சாப்பிடுகிறீர்களா? தேய்ந்த தளபாடத்தை மாற்ற முடிகிறதா? இரண்டு சோடி சப்பாத்து உண்டா? மாதம் ஒருமுறையாவது நண்பர்களோடு சேர்ந்து சாப்பிடுகிறீர்களா? வருடத்தில் ஒரு கிழமை வீட்டை விட்டு வெளியே போய்த் தங்க முடிகிறதா?

மனதுக்குள் எங்கள் வீட்டுக்கு நிரப்பிப் பார்த்தேன். சூட்டுக்குக் குறைவில்லை. பங்குனியில் வந்தால் அள்ளிக்கொண்டு போகலாம். நண்பர்களைக் கூப்பிடத் தேவையில்லை, கூப்பிடாமலே வருவார்கள். வெளியே போய்த் தங்கியதுதான் யோசிக்க வைத்தது. இடம்பெயர்ந்து தங்கியதைத் தவிர நாங்கள் குடும்பமாக எங்கேயும் போய்த் தங்கியதில்லை. அந்தக் கேள்வியை வெறுமையாக விட்டேன்.

ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று பதில்கள் உண்டு. இருக்கிறது. வசதியில்லாததால் இல்லை. தேவையில்லாததால் இல்லை. மூன்றாவதை எழுதும்போது கவனமாயிருங்கள் என்று பயிற்றுநர் சொன்னார். வசதியில்லை என்று சொல்ல வெட்கப்படுகிறவர்கள் தேவையில்லை என்று சொல்லிவிடுவார்களாம்.

எங்கள் பக்கத்தில் இது தலைகீழ். இருப்பதைச் சொன்னால் உதவி வெட்டுப்படும் என்ற பயத்தில், இருப்பதையும் இல்லை என்பார்கள். ஒருமுறை பூவரசங்குளத்தில் ஒரு வீட்டுக்குப் போனபோது, மூலையில் உயரமாக ஏதோ ஒன்றைச் சேலையால் மூடி வைத்திருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லை என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டிருக்கையில், சேலைக்குள்ளிருந்து அது உறுமத் தொடங்கியது. அவர் பெரிதாக இருமி அந்தச் சத்தத்தை அமுக்கப் பார்த்தார். கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

தங்கும் வீட்டில் அந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழகிவரச் சொன்னார்கள். லூர்தெஸ் உற்சாகமாகப் பதில் சொன்னார். சப்பாத்து இருக்கிறது, மீன் இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள். வீட்டுச் சூடு? தேவையில்லை, எனக்குச் சூடு ஒத்துவராது, பழகிவிட்டது என்றார். நான் அப்படியே எழுதினேன். எழுதிவிட்டு என் அறைக்குப் போனபோது கட்டிலருகே அறையைச் சூடாக்கும் மின்சார அடுப்பொன்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. வந்த நாளிலிருந்து அது அங்கேதான் எரிகிறது. வேறெந்த அறையிலும் அப்படி ஒன்று இல்லை.

அதைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்தேன். எனக்குத் தனியே இருக்க அலுப்பாக இருக்கிறது, இங்கேயே இருந்து படிக்கிறேன் என்றேன். கொஞ்சம் கழித்து அவர் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். இன்னும் கொஞ்சம் கழித்துக் கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்தார். மீதி நாட்கள் முழுக்க அந்த அடுப்பு குசினியில்தான் இருந்தது.

பயிற்சி முடிந்து ஜேர்மனிக்குப் போனேன். அங்கே அம்மாவின் தம்பி, சின்ன மாமா, ஒரு சிறிய ஊரில் இருக்கிறார். ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தது, சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டது. சரியான ரயிலில் ஏறிச் சரியாக உட்கார்ந்தும் நான் பிழையான ஊருக்குப் போனேன். பாதி வழியில் அந்த ரயில் இரண்டாகப் பிரிகிறதாம். முன்பாதி ஓர் ஊருக்கு, பின்பாதி வேறோர் ஊருக்கு. அதை அறிவித்திருக்கிறார்கள், ஜேர்மன் மொழியில். கிளிநொச்சியில் நிலையத்துக்கு ஓடிவந்து எந்தப் பெட்டியில் தொற்றினாலும் எல்லாரும் ஒரே கொழும்புக்குத்தான் போய்ச் சேருவோம். இங்கே எதிரில் இருந்த கிழவர் என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, அடுத்த நிலையத்தில் தானும் இறங்கி, எதிர்ப்பக்கத்து மேடைவரை என் பெட்டியை இழுத்துவந்து விட்டார். அவருடைய ரயில் போய்விட்டது. அவர் கையைக் காட்டிவிட்டு ஒரு வாங்கில் போய் இருந்தார்.

சின்ன மாமா நிலையத்தில் நெடுநேரம் குளிரில் நின்றிருந்தார். “இஞ்ச வந்த எல்லாரும் ஒருக்கா அந்தப் பின்பெட்டியில போய் வந்தவைதான்,” என்றார். “நானும் போனனான். இனி நீயும் இந்த நாட்டுக்காரிதான்.”

மாமாவின் வீடு லிஸ்பன் வீட்டுக்கு நேர் எதிர். வெளியே பனி, உள்ளே மாமா அரைக்கைச் சட்டையோடு நடக்கிறார். நிலம்கூட இளஞ்சூடு. ஆனால் வீடு வாடகை. நான் அதிசயித்தது குசினியைப் பார்த்துத்தான். அந்த ஊரில் வீடு வாடகைக்கு எடுத்தால் பெரும்பாலும் வெறும் குசினிச் சுவர்தான் கிடைக்குமாம். அலுமாரி, தட்டு, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் குடியிருக்க வருகிறவர்களே கொண்டுவந்து பூட்ட வேண்டும், போகும்போது கழற்றிக்கொண்டு போக வேண்டும். மாமா தன் குசினியை மூன்று வீடுகளுக்குச் சுமந்திருக்கிறார். ஒரு மூலையில் அலுமாரி சுவரோடு சேராமல் இடைவெளி விட்டிருந்தது. அது பழைய வீட்டு மூலையின் அளவு என்றார்.

எனக்கு எங்கள் கூரைத் தகரம் ஞாபகம் வந்தது. இடம்பெயர்ந்த காலத்தில் தகரத்தையும் கதவு நிலையையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். போன இடத்தில் பூட்டினோம். மறுபடி கழற்றினோம். நான் அதைச் சொல்லவில்லை. மாமாவே இடைவெளியில் விரலை வைத்தபடி, “எங்கட ஆக்களுக்கு இது புதுசோ?” என்றார்.

அவரையும் கேள்விகள் கேட்டேன். பெருமையாகத்தான் பதில் வந்தது. இருக்கு, இருக்கு, அதுவும் இருக்கு, ரெண்டு சோடியில்ல, அஞ்சு சோடி இருக்கு. மாதம் ஒருமுறை நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிடுவது என்ற இடத்தில் நின்றார். மாமி ஒரு முதியோர் இல்லத்தில் முறை வேலை செய்கிறார். அன்றும் மேசையில் மாமியின் கோப்பை மூடித்தான் இருந்தது. “கூப்பிடலாம்,” என்றார் மாமா. “ஆரைக் கூப்பிடுறது?” ஒடியல் கூழை மெல்ல உறிஞ்சிக் குடித்தார். எந்தக் கட்டத்தில் குறிப்பதென்று தெரியாமல் அதை வெறுமையாக விட்டேன்.

ரயில் ஏற்றிவிடும்போது இந்த முறை என்னை முன்பெட்டியில் கொண்டுபோய் இருத்திவிட்டுத்தான் இறங்கினார். இறங்குமுன் மெதுவாகச் சொன்னார்: “அங்க போய் அவளை ஒண்டும் குடைஞ்சு கேக்காத பிள்ளை. பாத்தா உனக்கே விளங்கும்.” அம்மா சொன்னதையே மாமாவும் சொன்னார்.

அக்கா பாரிஸ் நிலையத்தில் வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் முதல் கேள்வி, அம்மாவின் முழங்கால் எப்படி என்பது. இரண்டு ரயில் மாறி, மாடிப்படி ஏறி, அவள் வீட்டுக் கதவைத் திறந்தோம்.

தொலைபேசியில் நான் பார்த்துப் பழகிய சுவர் உடனே தெரிந்தது. சந்தன நிறச் சுவர், முருகன் படம், அதன் கீழே கண்ணாடி அலுமாரி, பக்கத்தில் பூச்சாடி. அக்கா எப்போதும் அந்தச் சுவருக்கு முன்னால் இருந்துதான் கதைப்பாள். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய விறாந்தையும் அறைகளும் இருக்கும் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். இந்தப் பக்கம் இருந்தது ஒரு சோபா. சோபாவுக்கு எதிரே அடுப்பு. அடுப்புக்கு அருகே குளியலறைக் கதவு. அவ்வளவுதான் வீடு. சோபாவை விரித்தால் அது கட்டில். கட்டிலாகிவிட்டால் வாசல் கதவு பாதிக்கு மேல் திறக்காது. அத்தான் உணவகத்தில் வேலை முடிந்து வந்து கதவைத் தட்டினால், அக்கா எழும்பிக் கட்டிலை மடித்துத்தான் அவரை உள்ளே விடுவாள்.

நான் நிற்கிற நாட்களில் அத்தான் ஒரு நண்பனின் அறையில் படுத்தார். காலையில் நீளப் பாணோடு வருவார். முதல்நாள் மீன்குழம்பை அந்தப் பாணில் தோய்த்து மூன்று பேரும் சோபாவில் வரிசையாக இருந்து சாப்பிடுவோம், பேருந்தில் இருப்பது போல. “கிளிநொச்சி இறங்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ,” என்று அத்தான் நடத்துனரின் குரலில் சொல்லுவார். அக்கா சிரித்துக்கொண்டு கோப்பையைத் தூக்கிப் பிடிப்பாள்.

வெளியே போனால் அக்கா வேறு ஆள். தமிழ்க் கடைத்தெருவில் முருங்கைக்காயை முறித்துப் பார்த்து வாங்கினாள். கடைக்காரரோடு சண்டைபிடித்தாள். வீட்டுக்கு வந்ததும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் எதை எண்ணுகிறேன் என்று பார்க்கிறாள் என எனக்குத் தெரிந்தது. என் தொழில் அவளுக்குத் தெரியும்தானே. நான் வேண்டுமென்றே சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம், அம்மா அனுப்பிய துணிகளை அக்கா உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். என் கைப்பையிலிருந்து கேள்வித்தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவளாகத்தான் அதை இழுத்தாள். மாமாவிடம் கேட்டாயாமே, என்னிடமும் கேள் என்றாள்.

கேட்டேன். வீட்டுச் சூடு? இருக்கு, ஒரு அறை சூடாக எவ்வளவு நேரம் வேணும் என்றாள். சப்பாத்து இருந்தது. மீன் இருந்தது. நண்பர்கள் மாதம் ஒருமுறை இல்லை, கிழமைக்கு ஒருமுறை வருவார்களாம், படியில் இருந்து சாப்பிடுவார்களாம். வெளியூர் போய்த் தங்குவது தேவையில்லை என்றாள். எல்லாவற்றையும் எழுதினேன். கடைசிக் கேள்விக்குப் பிறகு தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்.

“பேறு பாக்க அம்மா?”

“தேவையில்லை.”

“தேவையில்லையோ, வசதியில்லையோ? இதில ரெண்டுக்கும் வேற வேற கட்டம்.”

அவள் கையிலிருந்த துணியை மடித்தாள். நான்காக மடித்ததை எட்டாக மடித்தாள். பிறகு மடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

“வசதியில்லை,” என்றாள். “எழுது.”

நான் எழுதவில்லை. அவளே மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனாள். சோபாவில் தானும் பிள்ளையும். அத்தான் நண்பனின் அறையில். அம்மாவை எங்கே படுக்க வைப்பது? “அங்க மாபிள் பதிச்ச அறையில, கட்டில் மெத்தையில படுக்கிற மனிசியைக் கூப்பிட்டு, அடுப்படியில நிலத்தில படுங்கோ எண்டு சொல்லுறதோ? முழங்கால் வருத்தத்தோட? ஊருக்குப் போய் என்ன சொல்லுவா? சொல்லமாட்டா. அதுதான் எனக்கு ஏலாது.”

அந்தக் கட்டிலைப் பற்றி வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். அம்மாவின் முழங்கால் நோவுக்காக அக்கா சொல்லி வாங்குவித்த கட்டில் அது. அம்மா அதில் ஒருநாளும் படுத்ததில்லை. மெத்தையின் பிளாஸ்ரிக் உறைகூடக் கழற்றவில்லை. அக்கா தொலைபேசியில் வரும்போது மட்டும் அதன் விளிம்பில் போய் இருப்பார். கதைத்து முடிந்ததும் எழும்பி, உறையைக் கையால் தடவிவிட்டு, விறாந்தையில் பாய் விரித்துப் படுப்பார்.

இதை நான் அக்காவுக்குச் சொன்னேன்.

“அந்தச் சரசரப்பு,” என்றாள் அக்கா. “ஒவ்வொரு முறையும் கேக்கும். போனிலதான் ஏதோ கரைச்சல் எண்டு நினைச்சன். போனையும் மாத்திப்போட்டன்.” சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எட்டாக மடித்த துணியை விரித்து மூக்கைத் துடைத்தாள். பிள்ளைக்கென்று வந்த துணியில் முதலாவது அப்படித்தான் பாவனைக்கு வந்தது.

அம்மா வழமையாக எடுக்கும் நேரம் வந்தது. தொலைபேசி அடித்தது. நான் கையை நீட்டினேன். அக்கா அதைத் தானே எடுத்துக்கொண்டாள். “நீ சொல்லாத. நான் காட்டுறன்.”

முருகன் சுவருக்கு முன்னால் அவள் இருக்கவில்லை. எழும்பி நின்று, தொலைபேசியைத் திருப்பிப் பிடித்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். சோபா, அடுப்பு, குளியலறைக் கதவு, வாசல் கதவு. சுற்று சீக்கிரமே முடிந்துவிட்டது. திரும்பவும் முருகனில் வந்து நின்றாள்.

அந்தப் பக்கம் அம்மா அசையாமல் இருந்தார். சரசரப்புக்கூட இல்லை.

“முழுக்க இவ்வளவுதானோ?”

“ஓம் அம்மா.”

“கூட்டுறது சுகம்,” என்றார் அம்மா.

அக்காவின் தோள் ஆடியது. அம்மா தொடர்ந்து கேட்டுக்கொண்டு போனார். சன்னல் எந்தப் பக்கம்? பிள்ளையை எதில் குளிப்பாட்டுவது? அடுப்பு காஸா, கரண்டா? கடைசியாக, சோபாவுக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்க இடம் காணுமோ, போதாதோ என்று கேட்டார். நான் அளவுநாடாவை எடுத்தேன். சோபாவைக் கட்டிலாக விரித்து, மிச்ச நிலத்தை அளந்தேன். நீளம் சரி. அகலத்தில் வழமையான பாய்க்கு ஒரு சாண் குறைவு. சொன்னேன்.

“அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீ அளவைப் பிழையில்லாமக் கொண்டு வா.”

“நீங்களும் காட்டுங்கோ அம்மா,” என்றாள் அக்கா. “கட்டிலால எழும்புங்கோ. சத்தம் கேக்குது.”

அம்மா என்னைத் திட்டினார். வாய்க்காரி, வயிற்றில் ஒன்றும் நிற்காது என்றார். ஆனால் எழும்பினார். உறை நன்றாகச் சரசரத்தது. தொலைபேசி ஆடி ஆடி விறாந்தைக்குப் போய், சுருட்டி வைத்த பாயிலும் அதன் மேலிருந்த தலையணையிலும் நின்றது. “அது உனக்கெண்டு வச்சிருக்கிறன்,” என்றது அம்மாவின் குரல். “நீ பிள்ளையோட வந்து படு. பேந்து உறையைக் கழட்டுவம்.”

மற்ற ஏற்பாடுகள் தங்கள் பாட்டில் நடந்தன. சின்ன மாமா தான் அழைப்பு அனுப்புவதாகச் சொன்னார். அம்மா முதலில் தன்னிடம் வந்து ஒரு கிழமை நிற்க வேண்டும், மேசையில் மூன்று கோப்பை போட வேண்டும், அதுதான் நிபந்தனை என்றார். அவருடைய கேள்வித்தாளில், ஆட்களைச் சாப்பிடக் கூப்பிடும் கேள்விக்கு வெறுமையாக விட்ட இடத்தில் நான் அன்றைக்குத்தான் ‘இருக்கிறது’ என்று குறித்தேன்.

நான் திரும்பி வந்தபோது காலபோக அறுவடை முடிந்திருந்தது. அம்மா கிளிநொச்சிச் சந்தையில் புதுப் பன்பாய் ஒன்று வாங்கி வைத்திருந்தார். அளவைக் கேட்டார். சொன்னால் விளங்காது, காட்டு என்றார். வீட்டுத்திட்ட வீடுகளுக்கு அத்திவாரம் குறிப்பது போல, எங்கள் விறாந்தை நிலத்தில் அக்காவின் வீட்டைச் சோக்கால் முழு அளவில் கீறினேன். வாசல் கதவு, அது திறக்கும் வளைவு, அடுப்பு, விரித்த சோபா. ஐரோப்பாவில் ஒரு வீடு எங்கள் விறாந்தைக்குள் அடங்கி, செருப்புக் கழற்றவும் கொஞ்சம் இடம் மிஞ்சியது.

அம்மா கோட்டை மிதிக்காமல், கதவு கீறிய இடத்தால் உள்ளே போனார். சோபாவுக்கும் அடுப்புக்கும் நடுவில் பாயை வைத்துப் பார்த்து, மிஞ்சிய அகலத்தைக் கத்தரியால் நேராக வெட்டினார். வெட்டிய ஓரம் பிரிந்துவிடாமல் பிள்ளைத் துணிகளுக்குக் கிழித்து மிஞ்சிய பழைய நூல் சேலையில் ஒரு கீலம் வைத்து மடித்துத் தைத்தார். தைத்து முடித்ததும் மறுபடி அதே இடத்தில் விரித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்து, பிறகு படுத்தார். சோபாப் பக்கம் திரும்பினார். கையை நீட்டி, சோக்குக் கோட்டுக்கு அந்தப் பக்கம், வெறும் நிலத்தில் இரண்டு மூன்று தரம் மெல்லத் தட்டிப் பார்த்தார்.

“பிள்ளை அழுதா கை எட்டும்,” என்றார். “காணும்.”